கம்பிக் கண்ணாடி கோணினால் பார்வையும் கோணும்: வீட்டிலேயே சரிசெய்வது எப்படி?



நாற்பது வயதைக் கடந்தவர்கள் இருக்கும் வீட்டில் பெரும்பாலும் ஒரு மூக்குக் கண்ணாடியாவது இருக்கும். அது மூக்கில் இருக்கிறதா, அலமாரியில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. முகாமில் வரிசையில் நின்று, கண்ணைப் பரிசோதித்து, பவர் எழுதி வாங்கிய கண்ணாடியைச் சில மாதங்களிலேயே கழற்றி வைத்துவிடுகிறவர்கள் உண்டு. காரணம் கேட்டால், "போட்டால் தலை வலிக்கிறது", "குனிந்தால் வழுக்கி விழுகிறது", "காதுக்குப் பின்னால் புண்ணாகிறது" என்பார்கள். இவற்றில் பல, பவர் தவறியதால் வருபவை அல்ல. ஃபிரேம் கோணியதால் வருபவை. ஆவூரிலிருந்து ஒரு திருகை முடுக்குவதற்காகத் திருச்சிக்கோ புதுக்கோட்டைக்கோ பஸ் ஏறினால் அரை நாள் கூலி போய்விடும் என்பதால், கண்ணாடி அப்படியே கிடந்துவிடுகிறது.

கிடந்தால் என்ன நஷ்டம்? இன்சுலின் ஊசியின் கோடு சரியாகத் தெரியாமல் மருந்தின் அளவு மாறிப்போகலாம். மாத்திரை அட்டையில் காலாவதித் தேதி தெரியாது. குர்ஆன் ஓதும் பெரியவர்களுக்கு எழுத்துக்கு மேலும் கீழும் இருக்கும் ஸபர், ஜேர், பேஷ் குறிகள் கலங்கித் தெரியும். தையல் வேலை செய்யும் பெண்களுக்கு ஊசியில் நூல் கோக்க முடியாமல் வருமானமே குறையும். அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயதைத் தாண்டிய 751 தொழிலாளர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. அதன் முடிவு 2018-இல் வெளிவந்தது. கிட்டப் பார்க்கும் கண்ணாடி பெற்றவர்கள் பறித்த இலையின் அளவு, பெறாதவர்களைவிட ஏறத்தாழ 22 சதவீதம் கூடுதலாக உயர்ந்தது. கண்ணாடி என்பது அலங்காரம் அல்ல, கூலி தரும் கருவி என்பதற்கு இது ஒரு சான்று.

1976-இல் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, தன் முகாம்களில் அந்த இடத்திலேயே லென்ஸைத் தீட்டி ஃபிரேமில் பொருத்திக் கையில் கொடுக்கும் முறையை நடத்துகிறது. கண்ணாடி ஊருக்கே வந்து சேர்வது பெரிய உதவி. ஆனால் முகாம் முடிந்த பிறகு அதைப் பழுதில்லாமல் காப்பது வீட்டாரின் வேலை.

கோணினால் ஏன் தலை வலிக்கிறது?

ஒவ்வொரு லென்ஸிலும் ஒரு மையப்புள்ளி உண்டு. அது கருவிழிக்கு நேராக இருக்க வேண்டும். 4 பவர் உள்ள லென்ஸ் 5 மில்லிமீட்டர் விலகினால், ஒரு மீட்டர் தூரத்தில் உள்ள பொருள் 2 சென்டிமீட்டர் தள்ளித் தெரியும். ஒரு கண்ணுக்கு மட்டும் மேலாகவோ கீழாகவோ இப்படித் தள்ளினால், இரண்டு கண்களும் ஒரே காட்சியைச் சேர்த்துப் பார்க்கப் போராடும். அந்தப் போராட்டம்தான் தலைவலியாக வருகிறது.

சிலிண்டர் பவர் உள்ளவர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. அவர்கள் சீட்டில் 'ஆக்ஸிஸ்' என்று டிகிரி எழுதியிருக்கும். லென்ஸ் அந்தக் கோணத்திலிருந்து 10 டிகிரி திரும்பினாலே அந்தப் பவரின் பயனில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். 30 டிகிரி திரும்பினால் பயன் முழுவதும் போய்விடும். பைஃபோகல் போடுகிறவர்களுக்குக் கண்ணாடி கீழே வழுக்கினால் வாசிக்கும் கட்டமும் இறங்கிவிடும். தாடையைத் தூக்கிக் கொண்டு வாசித்துக் கழுத்து வலிக்கும். கண்ணாடி மிக மேலே ஏறி நின்றால் படியில் இறங்கும்போது கால் தடுமாறும்.

தேவையான பொருட்கள்

கடிகாரம் பழுது பார்க்கும் சிறிய ஸ்க்ரூ டிரைவர் ஒன்று, வெள்ளைத் துணி, நிறமில்லாத நகப்பூச்சு, வெந்நீர். இவை போதும். வெள்ளைத் துணியை விரித்து அதன் மேல் வேலை செய்யுங்கள். விழும் திருகு கண்ணுக்குத் தெரியும்.

முதலில் நோயைக் கண்டுபிடியுங்கள்

இரண்டு காதுக்கம்பிகளையும் விரித்து, கண்ணாடியைத் தலைகீழாகச் சமமான மேசையில் வையுங்கள். இரண்டு வளையங்களின் மேல்விளிம்பும் இரண்டு கம்பிகளும் மேசையைத் தொட வேண்டும். ஒரு முனை தூக்கி நின்றால் அந்தப் பக்கம் கோணல். ஆனால் நம் காதுகள் இரண்டும் எப்போதும் ஒரே உயரத்தில் இருப்பதில்லை. எனவே மேசை முதல் சோதனை, முகமே கடைசிச் சோதனை. கண்ணாடியைப் போட்டு நேராக நிற்கச் சொல்லி, எதிரே நின்று ஒருவர் பாருங்கள். பிறகுதான் கை வையுங்கள்.

சரிசெய்யும் வரிசை

1. திருகு: பல கோளாறுகள் தளர்ந்த திருகோடு முடிந்துவிடும். கீல் திருகை வலப்பக்கமாகத் திருப்பி, கம்பி ஆடாமல், ஆனால் சுலபமாக மடங்கும் அளவுக்கு முடுக்குங்கள். திருகின் தலையில் ஒரு சொட்டு நகப்பூச்சு வைத்தால் சீக்கிரம் கழறாது. லென்ஸைப் பிடித்திருக்கும் திருகு தளர்ந்திருந்தால் மெல்ல முடுக்கலாம். இறுக்கினால் லென்ஸின் ஓரம் தெறிக்கும்.

2. ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால்: எந்தப் பக்க லென்ஸ் தாழ்ந்து நிற்கிறதோ, அந்தப் பக்கக் காதுக்கம்பியைக் கீலுக்கு அருகில் சிறிது கீழ்நோக்கி வளையுங்கள், லென்ஸ் மேலே ஏறும். உயர்ந்து நிற்கும் பக்கத்தைத் தாழ்த்த வேண்டுமானால் அந்தக் கம்பியை மேல்நோக்கி வளையுங்கள்.

3. ஒரு லென்ஸ் முகத்தை ஒட்டி நின்றால்: அந்தப் பக்கக் கம்பியைச் சிறிது உள்நோக்கி வளையுங்கள். விலகி நிற்கும் லென்ஸுக்கு அந்தப் பக்கக் கம்பியை வெளிநோக்கி வளையுங்கள். 'உள்ளே என்றால் உள்ளே, வெளியே என்றால் வெளியே' என்று நினைவில் வையுங்கள்.

4. மூக்கில் வழுக்கினால்: காதுக்குப் பின்னால் இருக்கும் வளைவைப் பாருங்கள். அது காதின் உச்சியைத் தாண்டியவுடனே தொடங்க வேண்டும். தள்ளித் தொடங்கினால் கண்ணாடி வழுக்கும். முன்னாலேயே தொடங்கினால் காதை அறுக்கும். கம்பி முனையின் பிளாஸ்டிக் உறையை மட்டும் தேநீர் குடிக்கும் சூட்டில் உள்ள வெந்நீரில் அரை நிமிடம் வைத்து, முதலில் வளைவை நிமிர்த்தி, பிறகு சரியான இடத்தில் கட்டை விரலின் மேல் வைத்து வளையுங்கள். லென்ஸ் வெந்நீரில் படக்கூடாது.

5. மூக்குப் பட்டைகள்: இரண்டையும் சிறிது நெருக்கினால் கண்ணாடி மேலே ஏறும், அகற்றினால் இறங்கும். இரண்டையும் ஒரே அளவு நகர்த்துங்கள். மஞ்சளாகிக் கெட்டியான பட்டையை மாற்றிவிடுங்கள். மாற்றும்போது ஜோடியாக மாற்றுங்கள்.

வளைக்கும்போது மறக்கக் கூடாதவை

லென்ஸைப் பிடித்துக்கொண்டு ஒருபோதும் வளைக்காதீர்கள். ஒரு கையின் இரண்டு விரல்களால் கீல் இருக்கும் மூலையை அழுத்திப் பிடித்து, மறு கையால் கம்பியை வளையுங்கள். ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் போதும். வளைத்தவுடன் போட்டுப் பார்த்து, தேவையானால் இன்னும் சிறிது. கட்டுக்கம்பியை முன்னும் பின்னும் வளைத்தால் ஒடிவதுபோல, ஃபிரேமும் வளைத்த இடத்திலேயே திரும்பத் திரும்ப வளைத்தால் ஒடியும். வளைத்தாலும் துள்ளிப் பழைய நிலைக்கே வரும் ஃபிரேம் டைட்டானியமாக இருக்கலாம், அதோடு மல்லுக்கட்டாதீர்கள்.

ஒடிந்த இடத்தில் உடனே ஒட்டும் பசையை விடாதீர்கள். அதன் ஆவி லென்ஸில் வெள்ளைப் படலமாகப் படியும். கீலிலும் பசை இறங்கினால் பிறகு கடைக்காரராலும் திருகைக் கழற்ற முடியாது.

அன்றாடப் பராமரிப்பு

இரண்டு கைகளாலும் கழற்றுங்கள். ஒரு கையால் இழுத்துக் கழற்றும் பழக்கமே ஃபிரேம் கோணுவதற்கு முதல் காரணம். ஒளுச் செய்யும்போது குழாயடித் திண்டில் வைக்காமல் பெட்டியில் வையுங்கள். சட்டைப் பையில் வைத்தால் குனியும்போது விழும். சுஜூதில் கண்ணாடி அழுந்தினால் மூக்குப் பட்டைகள் விரியும். தொழுகைக்கு முன் கழற்றிவிடுவது நல்லது.

தூசியோடு இருக்கும் லென்ஸைக் கைலி நுனியாலோ முந்தானையாலோ தேய்த்தால் கீறல் விழும். முதலில் தண்ணீரில் அலசி, ஒரு சொட்டுப் பாத்திரம் துலக்கும் திரவத்தை விரலில் தொட்டுத் தடவி, மறுபடி அலசி, சுத்தமான பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். வியர்வையும் தலை எண்ணெயும் சேரும் இடத்தில் பச்சைக் களிம்பு பிடிக்கும். அது ஃபிரேமில் உள்ள செம்பு அரிப்பதால் வருவது. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் சோப்பு நீர் தொட்டுத் தேய்த்துத் துடையுங்கள். மூக்கிலும் பொட்டிலும் அரிப்போ கருமையோ வந்தால் நிக்கல் ஒவ்வாமையாக இருக்கலாம். ஃபிரேமை மாற்றுவதே வழி. வெயிலில் நிற்கும் வண்டிக்குள் கண்ணாடியை விட்டுவிட்டுப் போகாதீர்கள். சூட்டில் லென்ஸின் மேல்பூச்சு வெடிக்கும்.

எப்போது கடைக்குப் போக வேண்டும்?

பற்றுவைப்பு விட்டுப்போனால், லென்ஸ் கழன்றால், மூக்குக்கு மேலுள்ள பாலம் முறுக்கிக்கொண்டால், வளையமே இல்லாத கண்ணாடியாக இருந்தால் வீட்டில் முயலாதீர்கள். அதிகப் பவர் உள்ளவர்களின் கண்ணாடியையும் கடைக்காரரே சரிசெய்யட்டும். ஃபிரேமை நேராக்கிய பிறகும் ஒரு வாரம் தலைவலி நீடித்தால் கண்ணைப் பரிசோதிக்க வேண்டும். திடீரென்று பார்வை மங்கினாலோ, கண்ணில் மின்னல்போல் வெட்டினாலோ, கண் சிவந்து கடுமையாக வலித்தாலோ, அது ஃபிரேம் விஷயமே அல்ல. அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் நன்றாகத் தெரிந்தாலும் ஆண்டுக்கு ஒரு முறை கண்ணின் உட்பகுதியைப் பரிசோதிக்க வேண்டும்.

கை நடுங்கும் பெரியவர்களால் இந்தச் சிறிய திருகுகளை முடுக்க முடியாது. வீட்டில் உள்ள இளைஞர்கள் இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்ததும், வாப்பா, உம்மா, பாட்டனார், பக்கத்து வீட்டுப் பெரியவர் ஆகியோரின் கண்ணாடிகளை வாங்கி, கழுவி, மேசையில் வைத்துச் சோதித்து, திருகை முடுக்கிக் கொடுங்கள். அலமாரியில் கிடக்கும் கண்ணாடியையும் எடுத்துப் பாருங்கள். கால் மணி நேர வேலைதான். இன்ஷா அல்லாஹ், அதில் ஒன்றாவது மறுபடி மூக்குக்கு வந்து சேரும்.