கிழமைக் கூத்துக்கு மாணவரைக் கூட்டிப்போகிறவர்களுக்கு

மட்டக்களப்பில் ஊராரும் பல்கலைக்கழக மாணவரும் சேர்ந்து கூத்துப் பழகுவதென்றால் முதலில் வயலைப் பாருங்கள், கம்பஸ் நேரசூசியைப் பிறகு பார்க்கலாம். தை, மாசியில் வேளாண்மை வெட்டி நெல்லு வீடு சேர்ந்த பிறகுதான் கூத்துப் பழக்கும் அண்ணாவியாருக்கும் ஆடுகிறவர்களுக்கும் இராத்திரிகள் கைக்கு வரும். கார்த்திகை மழைக்குள் போய்க் கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். ஒருவரும் வரமாட்டார்கள்.

நான் நாடகம் படிப்பிக்கிறவன். வாவிக்கரை ஊர்களில் மாணவரோடு வடமோடிக் கூத்துப் பழகிவருகிறேன். இந்த வேலையில் இறங்க நினைக்கும் ஆசிரியர்களுக்கும் இளைஞர் கழகங்களுக்கும் சொல்ல எனக்குச் சில விடயங்கள் உண்டு.

பழக்கத்தை ஊரிலேயே வையுங்கள். மண்டபத்தில் பழகினால் பிள்ளைகளின் உடம்பு ஒரு திசைக்குப் பழகிவிடும். கூத்தாடும் வட்டக்களரியிலோ நாலு பக்கமும் சனம். நடுவில் மத்தளத்தோடு அண்ணாவியார், சல்லரிக்காரர், பக்கப்பாட்டுக்காரர். அவர்களைச் சுற்றித்தான் ஆட்டம். இன்னொரு இலாபமும் இருக்கிறது. கோயில் முற்றத்தில் ஆடிக்கொண்டிருக்கும்போது தெருவால் போகிற கிழவர் சைக்கிளை நிறுத்தி, "மனே, அந்தத் திரும்பல் பிழை" என்று சொல்லிவிட்டு மிதித்துக்கொண்டு போவார். பெரும்பாலும் அவர் சொன்னது சரியாகவே இருக்கும்.

கூத்தை மேடைக்குக் கொண்டுபோன வழியும் உண்டு. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனை மாணவரைக் கொண்டு கூத்துகளை மேடையேற்றினார். 1962இல் 'கர்ணன் போர்' வந்தது. விடிய விடிய ஆடுவதைச் சுருக்கிப் படச்சட்ட மேடைக்குக் கொண்டுபோனார்கள். படித்தவர்கள் கூத்தை மதிக்கத் தொடங்கியதில் அந்த முயற்சிக்குப் பெரிய பங்குண்டு. பின்னாளில் பேராசிரியர் சி. ஜெயசங்கர் சீலாமுனை ஊரவரோடு சேர்ந்து செய்த கூத்து மீளுருவாக்கம் வேறு வழி: கூத்து ஊரிலேயே நிற்கும், மாற்ற வேண்டியதை ஆடுகிறவர்களே பேசி மாற்றுவார்கள். என் மனம் இரண்டாவது வழியில்தான். ஆனால் அதற்குப் பொறுமை கூட வேண்டும்.

சட்டம் கொடுக்கிற நாளில், அதாவது யாருக்கு எந்தப் பாத்திரம் என்று பிரித்துக் கொடுக்கிற நாளில், கம்பஸிலிருந்து போனவர்கள் வாய்திறக்கக் கூடாது. "தருமன் எங்கட அப்பா ஆடின சட்டம்" என்று ஒருவர் தொடங்குவார். அந்தக் கதைக்குப் பின்னால் குடும்பப் பெருமை இருக்கும், சில ஊர்களில் சாதியும் இருக்கும். குரலையும் உடம்பையும் பார்த்து அண்ணாவியார் தீர்க்கட்டும். நாங்கள் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: ஒரு பாத்திரத்துக்கு ஊரவர் ஒருவரும் மாணவர் ஒருவருமாக இரண்டு பேரைப் பழக்குங்கள் என்று. தோணிக்காரர் இரவில் வலைக்குப் போய்விட்டாலும், பிள்ளைக்குப் பரீட்சை வந்தாலும், கிழமைதோறும் கூடிப் பழகும் கிழமைக் கூத்து நிற்காது. களரிக்கு வெளியேயும் அந்த இரண்டு பேரும் ஒருவர் ஆட்டத்தை மற்றவர் பார்த்துத் திருத்திக்கொண்டிருப்பார்கள்.

கைபேசியில் பதிவுசெய்து அறையில் தனியே பழகுவது மாணவருக்குப் பிடித்த வழி. தொடக்கத்தில் அதற்கு இடம் கொடாதீர்கள். பதிவில் வேகம் ஒன்றுதான். அண்ணாவியாரின் கை இரவுக்கு இரவு மாறும், ஆடுகிறவனின் மூச்சைப் பார்த்து இறங்கும், ஏறும். தாளக்கட்டு முதலில் வாயில் ஏற வேண்டும், பிறகு காலில். "எத்தனை அட்சரம்?" என்று பிள்ளை கேட்டால் அண்ணாவியார் இன்னொரு தரம் மத்தளத்தைத் தட்டுவார். பதில் அவ்வளவுதான். இடையில் புகுந்து விளக்கம் சொல்லும் ஆசிரியரை அங்கே ஒருவருக்கும் தேவையில்லை.

எல்லாவற்றிலும் கசப்பானது வெட்டுதல். விழாவுக்கு இரண்டு மணி நேரம்தான் தருவார்கள். கூத்தோ விடியுமட்டும் ஆடுவது. கொப்பியில் சிவப்புப் பேனையால் கோடு போடுவது எங்களுக்குச் சுகம். கோடு விழுந்த இடத்தில் ஒருவருடைய வரவு இருக்கும். கொலுவரவில் மகன் முதன்முதலாகக் களரிக்குள் காலெடுத்து வைப்பதைப் பார்க்கத்தான் தாய் பாயைச் சுருட்டிக்கொண்டு வருகிறாள். ஆகவே வரவுகளில் கைவைக்காதீர்கள். போர்த் தருக்கங்களில் ஒரே பொருளைச் சுற்றிச் சுற்றி வரும் பாட்டுகள் உண்டு, அவற்றைக் குறைக்கலாம். அதையும் ஏடு பார்த்துப் பாட்டெடுத்துக் கொடுக்கும் ஏட்டண்ணாவியாரை அருகில் வைத்துக்கொண்டு, வாய்விட்டுப் பாடிப் பார்த்தே குறையுங்கள். தாளில் மிகையாகத் தெரிகிற பாட்டு, களைத்த ஆட்டக்காரன் மூச்சு வாங்கும் இடமாக இருக்கும். அதை வெட்டினால் அடுத்த பாட்டில் குரல் உடையும். (இரண்டு மணி நேரம் என்று விதிக்கிறவர்கள், அதில் அரைமணியைத் தங்கள் உரைகளுக்கு எடுத்துக்கொள்வது தனிக் கதை.)

மாணவிகளும் ஆடுவார்கள் என்றால் அதை முதல் நாளே ஊரில் சொல்லிவிடுங்கள். பயிற்சி முடிய நடுச்சாமம் ஆகும். வாகனத்தையும் கூடப் போகிறவர்களையும் முன்பே ஒழுங்குசெய்துவிட்டுத் தொடங்குங்கள். அதைச் சரியாகச் செய்தால் ஊர்ப் பெண்களும் வந்து அமர்வார்கள், சிலர் பக்கப்பாட்டில் சேர்வார்கள்.

அடுக்குப் பார்க்கும் இரவுகளில், அதாவது அரங்கேற்றத்துக்கு முன் கூத்தை முழுதாக ஆடிப்பார்க்கும் இரவுகளில், சதங்கையும் வடமோடிக்குரிய கரப்புடுப்பும் இல்லாமல் ஆடவிடாதீர்கள். அந்தப் பாரம் காலுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

அழைப்பிதழில் அண்ணாவியார் பெயரை மேலே போடுங்கள், திணைக்களத்தின் பெயர் கீழே இருந்தால் போதும். அவருக்கும் சல்லரிக்காரருக்கும் உரிய பணத்தை அரங்கேற்றத்துக்கு முன்பே கையில் கொடுத்துவிடுங்கள். பற்றுச்சீட்டு, கையொப்பம், அடுத்த மாதம் என்று அலைக்கழித்தால் அடுத்த வருடம் அவர்கள் வரமாட்டார்கள். வராமல் விடுவதுதான் நியாயமும்.