ஒரு அப்பா, மூன்று பாகம்

சில குடும்பப் படங்கள் நம்மை ஏன் அழ வைக்குது? நடிப்பு மட்டும் காரணமில்லை, கதையைக் கட்டிய விதமும்தான். குடும்ப நலப் படத்துக்கான தேசிய விருது பெற்ற, சேரனின் ‘தவமாய் தவமிருந்து’ (2005) படத்தை எடுத்துக்கொள்வோம்.

1. தொடக்கம்: அச்சகம் நடத்தும் முத்தையா (ராஜ்கிரண்) கடன்பட்டு இரண்டு மகன்களைப் படிக்க வைக்கிறார். பிள்ளைகள் நல்லா இருக்கணும், அவ்வளவுதான் அவர் ஆசை.

2. மோதல்: இளைய மகன் ராமலிங்கம் காதலியோடு சென்னைக்குப் போய்விடுகிறான். அப்பாவின் உழைப்பை நாம் முன்பே பார்க்காவிட்டால் இது வெறும் காதல் கதை. பார்த்ததால்தான் வலிக்குது.

3. முடிவு: தானும் அப்பாவான பிறகு அவன் வீடு திரும்புகிறான். பெற்றோரைக் கடைசிவரை பார்த்துக்கொள்கிறான்.

நாட்டிய சாஸ்திரம் நாடகக் கதையை ஐந்து சந்திகளாகப் பிரிக்கிறது. முதல் சந்தியில் விதை, கடைசியில் பலன். எண்ணிக்கை வேறு, அடிப்படை ஒன்றுதான்.

என் அப்பா தினமும் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறார். படம் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரலை. நாலு மணிக்கு அவர் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. என் வயதில் அவர் என்னவாக ஆசைப்பட்டார்? நான் ஒரு தடவைகூட கேட்டதில்லை.

பயிற்சி: உங்கள் அப்பா அல்லது அம்மாவின் கதையை மூன்று பாகமாக எழுதுங்கள். முதல் பாகம் தெரியாவிட்டால் இன்றைக்கே அவர்களிடம் கேளுங்கள். மூன்றாம் பாகத்தில் நமக்கும் பங்கு இருக்கு.