குழாயின் சுவரைப் பார்

அன்புள்ள கயல்,

"கொழுப்பு மாத்திரைக்கு முன் எல்.டி.எல். 210. இப்போது கழுத்து ஸ்கேனில் அடைப்பு இல்லை. மாத்திரையை நிறுத்தலாமா என்று நோயாளி கேட்கிறார், என்ன சொல்ல?" என்று எழுதியிருந்தாய். நிறுத்தக் கூடாது. அதைவிட எனக்கு எரிச்சல் மூட்டியது உன் ரிப்போர்ட். 'ரத்த ஓட்டம் இயல்பு, அடைப்பு இல்லை' என்று ஒரே வரி. சுவரைப் பற்றிப் பேச்சே காணோம்!

கரையான் பிடித்த வீட்டை, வாசற்கதவு திறக்கிறதே என்று நல்ல வீடு என்பாயா? கொழுப்பு சேர்வது சுவருக்குள்ளே அம்மா. சிகாகோவின் சீமூர் கிளாகோவ், இறந்தவர்களின் இதயத் தமனிகளை அறுத்துப் பார்த்து 1987இல் எழுதினார்: கொழுப்புத் திட்டு வளர வளரக் குழாயும் வெளிப்பக்கம் விரிந்து கொடுக்கிறது, குழாயின் குறுக்குவெட்டுப் பரப்பில் சுமார் 40 சதவீதத்தைத் திட்டு பிடிக்கும்வரை பாதை குறுகுவதில்லை. ஐந்தே பக்கக் கட்டுரை. பரீட்சை கைடுகளை மூடி வைத்துவிட்டு ஒரு ராத்திரி படி. நான் இன்னும் அவ்வப்போது எடுத்துப் படிக்கிறேன்.

கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் கீழே, புரோபுக்கு எதிர்ப்பக்கச் சுவரைப் பார். இணையாக இரண்டு வெளிர்கோடுகள், நடுவில் கறுப்புப் பட்டை. முதல் கோட்டின் முன்விளிம்பிலிருந்து இரண்டாவதன் முன்விளிம்புவரை அள. மிலானில் பிக்னோலி குழுவினர் 1986இல் காட்டிய வழி அது. தடிமன் 1.5 மி.மீ.யைத் தாண்டினாலோ, ஓரிடம் மட்டும் அரை மில்லிமீட்டர் உள்ளே புடைத்திருந்தாலோ, 'திட்டு' என்று தெளிவாக எழுது. கழுத்தோடு நிற்காமல் தொடைத் தமனியையும் பார். மாட்ரிட்டில் நடுவயது ஊழியர்களை ஆராய்ந்த 'பெசா' ஆய்வில், கழுத்தைவிட இடுப்பு–தொடைத் தமனிகளில்தான் திட்டு அதிகம்.

அதற்காக, மாத்திரை வேலை செய்கிறதா என்று வருடா வருடம் தடிமனை அளந்துகொண்டிருக்காதே. 2008இல் வந்த 'என்ஹான்ஸ்' ஆய்வில், பரம்பரையாகக் கொழுப்பு மிகுந்த 720 பேரில் ஒரு பாதிக்கு சிம்வாஸ்டாட்டின் மட்டும், மறு பாதிக்கு அதனோடு எசெட்டிமைபும் கொடுத்தார்கள். எல்.டி.எல். கூடுதலாக இறங்கியது, இரண்டு வருடத்தில் தடிமனில் வித்தியாசம் தெரியவில்லை. மருந்தே வீண் என்று கூச்சல் எழுந்தது. 2015இல் 'இம்ப்ரூவ்-இட்' ஆய்வில் அதே ஜோடி, மாரடைப்பு வந்து தேறியவர்களுக்கு மறு மாரடைப்பைக் குறைத்தது. மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கை நம்பி மருந்துக்குத் தீர்ப்பெழுதினால் இப்படித்தான்.

ஆகவே அவரிடம் சொல்: திட்டு இருந்தால் மாத்திரையை விடாமல் சாப்பிட இன்னொரு காரணம், இல்லையென்றால், அது வராமலிருக்கச் சாப்பிட வேண்டும். ரிப்போர்ட்டைத் திருத்தி எனக்கும் ஒரு பிரதி அனுப்பு. இடது, வலது இரண்டு கழுத்துத் தமனிகளின் சுவர் அளவும் அதில் இருக்கட்டும்.

உன் வாத்தியார்