பிக்கப் வண்டி வாங்குமுன் ஓர் எடைக் கணக்கு

நம் தீவில் பிக்கப் வண்டி வாங்க விரும்பும் குடும்பங்கள் பெருகி வருகின்றன. சங்கக் கூட்டம் முடிந்து தேநீர் அருந்தும் நேரத்தில் இரண்டு பேராவது என்னிடம் வந்து, “எந்தக் கம்பெனி நல்லது?” என்று கேட்பதுண்டு. முப்பது ஆண்டுகள் வண்டிப் பட்டறையில் கழித்தவன் என்பதால் கேட்கிறார்கள். கம்பெனிப் பெயரைச் சொல்வது எளிது. ஆனால் அதற்கு முன் போட வேண்டிய ஒரு கணக்கு இருக்கிறது. அதைப் போடாமல் கடன் வாங்கி, ஐந்தாண்டு தவணை கட்டுபவர்கள் நம்மிடையே உண்டு. அதனால்தான் இக்கட்டுரை.

சிப்பிகாட்டில் வசிப்பவர்களுக்கு வண்டி இரண்டு வேலை செய்ய வேண்டும். வார நாள்களில் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு, ஏறத்தாழ 14 கிலோமீட்டர் தள்ளியுள்ள போர்ட் பிளேருக்கு (2024 செப்டம்பர் முதல் ஸ்ரீ விஜயபுரம்) பாக்கு, தேங்காய், காய்கறி கொண்டு போக வேண்டும். விடுமுறை நாளில் டுங்கியை டிரெய்லரில் ஏற்றி, கடற்கரைச் சரிவுக்கு இழுத்துப் போக வேண்டும். 2004 சுனாமிக்குப் பிறகு, நிலம் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்து நம் வயல்களில் கடல்நீர் நின்றுவிட்டது. நெல் விளைந்த இடத்தில் இன்று கொக்கும் நாரையும் மேய்கின்றன. உழவை விட்டுப் படகுக்கு வந்த குடும்பங்களுக்கு இந்த இரண்டாம் வேலை பொழுதுபோக்கு அன்று, பிழைப்பு.

இப்பொழுது கணக்குக்கு வருவோம். ஒவ்வொரு வண்டியின் ஆர்.சி. புத்தகத்திலும் இரண்டு எடைகள் இருக்கும். ஒன்று வெற்று எடை, மற்றது மொத்த எடை. மொத்த எடையிலிருந்து வெற்று எடையைக் கழித்தால் வருவதுதான் உங்களுக்குரிய பங்கு. ஓட்டுநர், குடும்பத்தார், மூட்டை முடிச்சு எல்லாம் அந்தப் பங்குக்குள் அடங்க வேண்டும். டிரெய்லரின் மூக்கு, கொக்கியின் மேல் அழுத்தும் எடையும் அதில் சேர்ந்ததே. இந்த மூக்கு எடையைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள்.

என் பக்கத்துத் தோட்டத்துத் தம்பி சென்ற ஆண்டு என்னிடம் வந்தார். பெரிய இரட்டைக் கேபின் வண்டி ஒன்றின் படத்தைக் காட்டி, “அண்ணே, பாத்தா கப்பல் மாதிரி இருக்கு. இதுதானே நல்லா இழுக்கும்?” என்றார்.

“இழுக்கும் தம்பி. உன் வீட்டுச் சுமையைத் தாங்குமா, அதைச் சொல்லு” என்றேன்.

இருவரும் திண்ணையில் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதினோம். அவர், மனைவி, அம்மா, இரண்டு பிள்ளைகள் சேர்த்து 245 கிலோ. பின்தொட்டியில் 50 கிலோ வீதம் ஆறு பாக்கு மூட்டை, 300 கிலோ. பிறகு டிரெய்லர்: ஃபைபர் படகு 260, எஞ்சின் 40, எண்ணெய், வலை, ஐஸ் பெட்டி 60, டிரெய்லர் சட்டம் 190, ஆக 550 கிலோ. இதில் பத்தில் ஒரு பங்கு, 55 கிலோ, கொக்கியின் மேல் இறங்கும். ஆகவே வண்டி தாங்க வேண்டியது சரியாக 600 கிலோ. படகும் மூட்டையும் ஒரே நாளில் போவது அபூர்வம் என்று அவர் சொன்னார். அபூர்வமான அந்த நாளுக்கும் அச்சு உடையாமல் இருக்க வேண்டுமே!

பார்வைக்குப் பெரியதாக உள்ள வண்டி அதிகம் சுமக்கும் என்று நினைப்பது இயற்கை. இசுஸு வி-கிராஸ் (இந்தியாவில் 2016 முதல்), டொயோட்டா ஹைலக்ஸ் (2022 முதல்) இரண்டும் 5.3 மீட்டர் நீளம், சொந்த எடை ஏறத்தாழ இரண்டு டன். எஞ்சின் வலு மிகுதி. வி-கிராஸின் 1.9 லிட்டர் டீசல் எஞ்சின் 360 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை தருகிறது. அதே வேளையில் மகிந்திரா பொலேரோ கேம்பரின் 2.5 லிட்டர் எஞ்சின் தருவது 200 மட்டுமே. ஆனால் சரக்கு என்று வந்தால், கேம்பர் ஒரு டன் வகுப்பைச் சேர்ந்தது. பெரிய வண்டிகள் இரண்டும் இங்கு அதைவிடக் குறைவான சரக்குக்கே விற்கப்படுகின்றன. விலையிலோ கேம்பர் ஹைலக்ஸில் பாதிகூட ஆகாது.

“அப்படியானால் 200 போதுமா?” என்பது அடுத்த கேள்வி. 550 கிலோவை இழுப்பதற்குப் போதும், மேட்டில் கியரைக் குறைக்க வேண்டும், அவ்வளவுதான். எனக்குக் கவலை இழுப்பதில் இல்லை, நிறுத்துவதில். ஆஸ்திரேலியாவில் ஹைலக்ஸ் 3,500 கிலோ இழுக்கும் என்று விளம்பரம் செய்கிறார்கள். அது தனி பிரேக் பொருத்திய டிரெய்லருக்கு. பிரேக் இல்லாத டிரெய்லர் என்றால் அதே கம்பெனி தரும் வரம்பு 750 கிலோதான்! வண்டி ஒன்றே, எஞ்சினும் ஒன்றே. நம் ஊரில் பட்டறையில் செய்யும் டிரெய்லர்களில் பிரேக் இருப்பதை நான் பார்த்தது அரிது. வண்டியும் சுமையுமாக 2,300 கிலோ என்றால், பின்னால் 550 கிலோ தள்ளும்போது ஈரச் சாலையில் நிற்கும் தூரம் ஏறத்தாழக் கால்பங்கு கூடும். ஆண்டுக்கு மூவாயிரம் மில்லிமீட்டர் மழை பெய்யும் தீவில், வண்டூர் பக்கத்து வளைவு ஒன்றில் டிரெய்லர் வண்டியைப் பக்கவாட்டில் தள்ளிச் சாலைக்குக் குறுக்கே மடக்கி நிறுத்தியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். நல்லவேளை, எதிரே பஸ் வரவில்லை.

அதற்குக் காரணம் படகை அச்சுக்குப் பின்னால் தள்ளி ஏற்றியிருந்ததே. மூக்கில் எடை இல்லாவிட்டால் டிரெய்லர் வால் ஆட்டும். வீட்டில் எடை பார்க்கும் சிறு தராசை ஒரு கட்டையின் மேல் வைத்து, டிரெய்லரின் மூக்கை அதில் இறக்கிப் பாருங்கள். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு காட்டினால் சரி. காட்டாவிட்டால் படகைச் சற்று முன்னே நகர்த்துங்கள். காப்புச் சங்கிலிகள் இரண்டையும் மூக்குக்கு அடியில் குறுக்காகப் போடுங்கள். கொக்கி கழன்றாலும் மூக்கு தரையில் குத்தாது.

நான்கு சக்கர இயக்கம் வேண்டுமா என்றும் கேட்கிறார்கள். படகு இறக்கும் சரிவுகளில் பாசி படிந்திருக்கும். சரிவில் ஏறும்போது எடை பின்புறம் சாய்ந்தாலும் பின்சக்கரம் வழுக்கத்தான் செய்யும். டுங்கி இழுப்பவர்களுக்கு வேண்டும் என்பேன். கேம்பரிலும் அவ்வகை உண்டு. ஆனால் காய்ந்த தார்ச்சாலையில் அதைப் போட்டு ஓட்டாதீர்கள், திருப்பங்களில் பற்சக்கரங்கள் முறுக்கிக்கொள்ளும். படகு இல்லாதவர்களுக்கு இந்தச் செலவு வேண்டியதில்லை. வெறும் தொட்டியுடன் மழையில் போகும்போது இரண்டு மணல் மூட்டையைப் பின்அச்சுக்கு மேல் போட்டுக்கொண்டால் போதும்.

கேம்பரின் குறையையும் சொல்லிவிட வேண்டும். ஒரு டன்னுக்கான ஸ்பிரிங் பட்டை, காலி வண்டியில் கல்லாக இருக்கும். இடுப்பு வலியுள்ள அம்மாவை ஜி.பி. பந்த் மருத்துவமனைக்கு அழைத்துப் போனால் அவர் வழியெல்லாம் உங்களைத் திட்டுவார். சரக்கு ஏற்றாத, படகும் குடும்பமும் மட்டுமே உள்ள வீட்டுக்கு, பணம் இருந்தால், பெரிய வண்டிதான் ஏற்றது. பிரேக்கும் சொகுசும் மேலானவை. பாக்குத் தோட்டக்காரருக்கு என் வாக்கு கேம்பருக்கே. தம்பியும் அதையே வாங்கினார்.

சட்டப் பக்கமும் ஒரு சொல். கேம்பர் சரக்கு வண்டியாகப் பதிவாகும். எட்டு ஆண்டு வரை இரண்டாண்டுக்கு ஒரு முறையும், பிறகு ஆண்டுதோறும் தகுதிச் சான்று வாங்க வேண்டும். மொத்த எடை 3,000 கிலோவுக்குள் இருந்தால் பெர்மிட் தேவையில்லை. சாதாரண இலகு வாகன உரிமம் உள்ளவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் உறுதி செய்துவிட்டது. டிரெய்லரும் சட்டப்படி ஒரு மோட்டார் வாகனமே. அதற்கும் பதிவும் காப்பீடும் வேண்டும். பங்குனி உத்திரத்துக்குப் பின்தொட்டியில் இருபது பேரை ஏற்றிப் போகும் வழக்கத்தைப் பற்றி நான் எழுதினால் சிலருக்குக் கோபம் வரும். இருந்தாலும் எழுதுகிறேன்: விபத்து நடந்தால் காப்பீட்டுப் பணம் கிடைப்பது கடினம்.

இனி உப்பு. ஓடி வந்த டிரெய்லரின் சக்கர நடுவம் சூடாக இருக்கும். உடனே கடல்நீரில் இறக்கினால் உள்ளே உள்ள காற்று குளிர்ந்து சுருங்கி, ஆயில் சீல் வழியே நீரை உறிஞ்சிக்கொள்ளும். கிரீஸ் பால்போல வெளுத்துப்போகும், பேரிங் ஒரு பருவத்தில் முடிந்துவிடும். கால் மணி நேரம் ஆறவிட்டு, விளக்குக் கம்பியைக் கழற்றிவிட்டு இறக்குங்கள். வீடு திரும்பியதும் நல்ல நீரில், முக்கியமாகச் சட்டத்தின் அடிப்புறமும் ஸ்பிரிங்கும் நனையக் கழுவுங்கள். கோடையில் குடிக்கவே தண்ணீர் முறை வைத்து வருகிறதே என்பீர்கள். கூரை மழைநீருக்கு ஒரு தொட்டி கட்டுங்கள், அதில் நாலு வாளி வண்டிக்குப் போதும்.

பழைய வண்டி வாங்குபவர்கள் பெயின்ட்டைப் பார்க்க வேண்டாம். கீழே படுத்து, பின் ஸ்பிரிங் மாட்டியுள்ள இடத்துக்கு மேலே சட்டத்தைச் சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் விலை பேசலாம். மண்ணைத் தட்டியதுபோல மொத்தென்று கேட்டால், புதிதாகப் பூசிய கறுப்புத் தாருக்கு அடியில் இரும்பு இல்லை என்று பொருள். விற்பவரின் தேநீரைக் குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.