தோட்டத்துப் பாதைக்கு டயர் எடுப்பது

பிக்கப்புக்கு ஆஃப்ரோடு டயர் மாட்ட வேண்டும், எது நல்லது என்று யாராவது கேட்டால், நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: போன டயர் எதனால் போனது? பட்டன் தேய்ந்தா, பக்கவாட்டில் கிழிந்தா, ரிம் வளைந்து காற்று இறங்கியா? இதற்குப் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஆனால் கடையில் மாட்டிவைத்திருக்கும் டயரின் முகத்தைப் பார்த்து முடிவு செய்கிறவர்கள்தான் அதிகம். முரட்டுப் பட்டன், வெள்ளை எழுத்து, வெளியே துருத்தும் ரிம். அதைப் பார்த்து ஆசைப்படுவதில் தவறில்லை. ஆனால் டயர் எங்கே சாகிறது என்பதை முகம் சொல்லாது.

எங்களுக்குக் கீழ்ப்பழனி மலையில் காபியும் மிளகும். வத்தலக்குண்டிலிருந்து சித்தரேவு, பெரும்பாறை வழியாகத் தாண்டிக்குடிப் பக்கம் ஏறுவது தார் ரோடு. கொண்டை ஊசி வளைவுகள், ஐப்பசி கார்த்திகையில் விடாத மழை, ஈரத்தில் வழுக்கும் இலைச் சருகு. ரோட்டை விட்டுத் தோட்டத்துக்குள் இறங்கினால் உடைகல் பாவிய பாதை. இரண்டு பக்கமும் கூரான கற்கள், நடுவில் மழைநீர் அரித்த பள்ளம். அந்தப் பாதையில் வருஷக்கணக்காக ஜீப்பில் வாழைத்தார் இறக்கும் ஓட்டுநர் ஒருவர் சொன்னதை விடத் தெளிவாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை: "அண்ணே, இங்க பட்டன் தேயுற வரைக்கும் எந்த டயரும் உசுரோட இருக்காது. பக்கம் கிழிஞ்சுதான் போகும்."

அதனால் நான் முதலில் பார்ப்பது பக்கவாட்டை, அதாவது சைடுவாலை. ஆணி ஏறி நடுப்பட்டனில் ஓட்டை விழுந்தால் பஞ்சர் கிட்டை வைத்து நாமே அடைத்துக்கொண்டு வீடு வந்து சேரலாம். சைடுவாலில் கிழிசல் விழுந்தால் ஒட்டுக்கு வழியில்லை. ஓடும்போது ஓயாமல் மடங்கி விரிகிற இடம் அது. எந்த ஒட்டும் அங்கே நிற்காது, டயரைக் கழற்றிப் போட வேண்டியதுதான். பட்டனுக்குக் கீழே எஃகு பெல்ட் இருக்கிறது. சைடுவாலில் பெரும்பாலும் பாலியஸ்டர் அடுக்குகள் மட்டுமே.

கடையில் '10 பிளை' என்று சொன்னால், உள்ளே பத்து அடுக்கு இருப்பதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பருத்தி நூலில் டயர் கட்டிய காலத்துக் கணக்கு அது. இப்போது தாங்கும் பலத்தைக் குறிக்கும் மதிப்பீடு மட்டுமே. உண்மையான அடுக்கு எத்தனை என்பதைப் பல டயர்களில் சைடுவாலிலேயே சின்ன எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள்: ட்ரெட்டில் எத்தனை பாலியஸ்டர், எத்தனை ஸ்டீல், சைடுவாலில் எத்தனை என்று. கைப்பேசி வெளிச்சத்தைக் காட்டிப் படித்துவிடுங்கள். சைடுவாலில் இரண்டு அடுக்கா மூன்று அடுக்கா என்பது, விலைச்சீட்டை விட முக்கியமான செய்தி.

அடுத்தது ரிம். என்னுடைய இசுசு வி-கிராஸில் இருந்த அளவு 255/60 ஆர்18. அகலம் 255 மில்லிமீட்டர், அதில் 60 சதவீதம் சைடுவால் உயரம், அதாவது 153 மில்லிமீட்டர். ரிம்மையும் சேர்த்தால் முழு விட்டம் ஏறக்குறைய 763. இதையே 17 அங்குல ரிம்மில் 255/65 ஆக்கினால் விட்டம் அதே 763தான். சைடுவால் மட்டும் 166 ஆகிவிடும். வண்டி உயரவில்லை, ஸ்பீடோமீட்டர் மாறவில்லை, கல்லில் மோதும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே ரப்பர் மட்டும் கூடுகிறது. பெரிய ரிம் ஷோரூமுக்கு அழகு. கரடுமுரடான பாதைக்குப் பிரேக் காலிப்பர் இடிக்காத அளவில் எவ்வளவு சின்ன ரிம் முடியுமோ அவ்வளவு நல்லது.

நான் எடுத்தது 265/65 ஆர்17. சைடுவால் 172 மில்லிமீட்டர், விட்டம் 776. அடிவயிறு தரையிலிருந்து கூடுதலாக உயர்வது ஆறேழு மில்லிமீட்டர்தான். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது உண்மையில் 102-க்குச் சற்றுக் குறைவு. இந்த அளவைத் தேர்ந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. டொயோட்டா ஹைலக்ஸிலும் ஃபார்ச்சூனரிலும் வருகிற அளவு இது என்பதால் திண்டுக்கல், மதுரையில் தேடி அலைய வேண்டியதில்லை. மலையில் டயர் கிழிந்து நிற்கிறவனுக்கு, மறுநாள் கிடைக்கிற டயர்தான் நல்ல டயர்.

இதற்கு மேல் பெரிதாகப் போவதை நான் ஆதரிக்க மாட்டேன். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் மட்கார்டில் உரசும், கியர் இழுவை குறையும், டீசல் கூடும். தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும் சொல்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்திருக்கிறது. கம்பெனி அளவை ஒட்டியே நில்லுங்கள். மாற்றுவதற்கு முன் டீலரிடமும் இன்சூரன்ஸிலும் கேட்டுவிடுங்கள்.

ஏடியா, எம்டியா என்ற கேள்விக்கு என்னிடம் தயக்கமே இல்லை. களிமண் சேற்றில் எம்டி, அதாவது மட் டெரெயின் டயர், ராஜாதான். அகன்ற இடைவெளி வழியாகச் சேற்றை உதறிவிட்டு ஏறும். ஆனால் தோட்டத்துச் சேறு எனக்குக் கொஞ்ச தூரம். அதற்கு முன்னால் மழையில் நனைந்த தார் வளைவுகள் முழுவதையும் கடக்க வேண்டும். ஈரத் தாரைப் பிடிப்பது பட்டனில் இருக்கும் மெல்லிய கீறல்கள். எம்டியில் அவை குறைவு, தாரைத் தொடும் ரப்பரும் குறைவு. குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மழையில் இறங்கும்போது வண்டி சொன்ன இடத்தில் நிற்க வேண்டும். ஆகவே ஏடி, அதாவது ஆல் டெரெயின் டயர். வயல் சேற்றிலேயே நாள் முழுக்க உழலும் வண்டி என்றால் கணக்கு வேறு.

சுமையையும் பார்க்க வேண்டும். அளவுக்குப் பின்னால் 112எஸ் என்பது போல ஒரு குறி இருக்கும். 112 என்றால் ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும்; எஸ் என்றால் மணிக்கு 180 கிலோமீட்டர் வேகம் வரை. கம்பெனி டயரின் சுமைக் குறியை விடக் குறைந்ததை எந்தத் தள்ளுபடிக்காகவும் வாங்காதீர்கள். எல்டி (லைட் டிரக்) என்று தொடங்கும் டயர்கள் கல்லுக்கு உறுதியானவை. ஆனால் எடை அதிகம், காலி வண்டியில் உலுக்கும். அதே சுமையைத் தாங்க அவற்றுக்குக் காற்றும் கூடுதலாகத் தேவை. கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் அளவு அவற்றுக்குப் பொருந்தாது.

ரிம்மில் ஸ்டீலா அலாயா? அலாய் இலகு, ஆனால் பலமாக அடிபட்டால் விரிசல் விடும். ஸ்டீல் டிஸ்க் வளையும். விளிம்பு கொஞ்சம் நெளிந்தால் பஞ்சர் கடையிலேயே சுத்தியலால் தட்டி, காற்று நிற்கும்படி செய்து ஊர் வந்துவிடலாம். தோட்ட வண்டிக்கு ஸ்டீல் போதும். எதுவானாலும் ஆஃப்செட்டை, அதாவது ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் பொருந்தும் முகம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதை, கேட்டு வாங்குங்கள். ஆறு போல்ட், 139.7 பிசிடி (போல்ட் வட்டத்தின் விட்டம்) பொருந்துகிறதே என்று வாங்கிவிட்டால், ஆஃப்செட் குறைவால் சக்கரம் வெளியே தள்ளி நிற்கும். பேரிங்குக்குச் சுமை, ஸ்டியரிங்குக்கு இழுப்பு, கதவெல்லாம் சேறு. ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவே ஸ்பேசர் போடுவதும் இதே தொல்லைதான். நட்டையும் கவனியுங்கள்: அலாய்க்கான நட்டின் அடிப்பகுதி வேறு, ஸ்டீலுக்கானது வேறாக இருக்கலாம். புது ரிம் மாட்டி 100 கிலோமீட்டருக்குள் நட்டுகளை டார்க் ரெஞ்சால் மறுபடி இறுக்க வேண்டும்.

பில் போடுமுன் தயாரிப்புத் தேதி. சைடுவாலில் உள்ள 'டாட்' எழுத்துகளின் கடைசி நான்கு இலக்கம் 2324 என்றிருந்தால் 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். 2020 ஜூனில் டயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. அதனால் வெளிநாட்டு டயர் வாங்கும்போது பழைய சரக்கா என்று கூடுதல் கவனத்தோடு பாருங்கள்.

ஐந்தும் ஒரே அளவில், ஒரே வகையில் வாங்குங்கள். ஃபோர் வீல் போட்டு ஓட்டும்போது முன்னும் பின்னும் விட்டம் மாறினால் கியர்களுக்குள் முறுக்கேறும். ஸ்டெப்னியையும் சேர்த்துப் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை சுழற்றினால் ஐந்தும் சமமாகத் தேயும்.

கல்பாதையில் இறங்குமுன் காற்றை 22 பிஎஸ்ஐ போலக் குறைக்கிறேன், சுமை இல்லாதபோது மட்டும். டயர் கல்லின் மேல் அழுந்திப் படியும். சைடுவால் பிதுங்கும் என்பதால் நடை வேகத்தில்தான் போக வேண்டும். தார் ஏறியதும் சின்ன கம்ப்ரஸரால் மறுபடி பிடித்துக்கொள்கிறேன். தோட்டத்திலிருந்து திரும்பிய அன்றே சைடுவாலின் உட்பக்கத்தையும் கையால் தடவிப் பார்த்துவிடுவேன். வெளிப்பக்கம் கண்ணுக்குத் தெரியும், உட்பக்கம் தெரியாது. அங்கே புடைப்பு தட்டுப்பட்டால் உள்ளே நூல் அறுந்துவிட்டது என்று பொருள். அந்த டயரை ஸ்டெப்னியாகக்கூட வைத்துக்கொள்வதில்லை.