இஸ்லி வீட்டுக் கிட்டார்



‘இன் தி பிகினிங்’ இசைத்தட்டைப் பற்றி நீ எழுதிய கட்டுரையைப் படித்து முடித்த கையோடு இதை எழுதுகிறேன். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் பேர் எடுப்பதற்கு முன் இஸ்லி சகோதரர்களுக்கு வாசித்த பாட்டுகளை ஒருவர் இவ்வளவு காது கொடுத்துக் கேட்டுத் தமிழில் எழுதியிருப்பது எனக்குப் பெரிய சந்தோஷம். ஆனாலும் உன்மேல் கோபம் இருக்கிறது.

1964-லேயே ஹெண்ட்ரிக்ஸின் கிட்டார் பாட்டை முந்திக்கொண்டு நிற்கிறது என்கிறாய். தானாக நிற்கவில்லை தம்பி, கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஹெண்ட்ரிக்ஸ் 1970 செப்டம்பரில் இறந்தார். ‘இன் தி பிகினிங்’ தொகுப்பு வந்தது 1971-ல். பழைய ஒலிநாடாக்களை மறுபடி மிக்ஸ் செய்து கிட்டாரை மேலே ஏற்றினார்கள். 1964-ல் வந்த ‘டெஸ்டிஃபை’ சிங்கிளைத் தேடிக் கேள். அதில் ரொனால்ட் இஸ்லியின் குரல்தான் ராஜா. ரே சார்ல்ஸ் மாதிரி, ஜேம்ஸ் பிரவுன் மாதிரி என்று அவர் பாடிக் காட்டுகிறார். கிட்டார் அந்தக் குரலுக்கு அடங்கி, கிடைத்த இடைவெளியில் சீறிவிட்டுத் திரும்புகிறது. பதிவான வருஷத்தையும் வெளியான வருஷத்தையும் ஒன்றாக்கி எழுதுவதை என்னால் பொறுக்க முடியாது.

இன்னொன்று. கட்டுரை முழுவதும் பேஸைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்துச் சாப்பிட்டவன் நான். கல்யாணக் கச்சேரியில் மிக்சர் முன்னால் உட்கார்ந்தவர் லீடைத் தூக்கி என்னை அமுக்கிவிடுவார். ஒரு முறை பாட்டு நடுவே என் ஒயர் கழன்றது. அதுவரை முன்வரிசையில் ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகளின் கால் குழம்பியது. லீட் கிட்டார் குறையில்லாமல் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஃபங்க் என்று எழுதுகிறவன் முதலில் அந்தக் காலைக் கவனிக்க வேண்டும். உன் தட்டில் 1965-ன் ‘மூவ் ஓவர் அண்ட் லெட் மீ டான்ஸ்’ இருக்கிறதே, அதில் பேஸும் டிரம்ஸும் போடும் அஸ்திவாரத்தை மட்டும் கேள். ஹெண்ட்ரிக்ஸ் எதன்மேல் நின்று வாசிக்கிறார் என்பது தெரியும்.

இந்தக் கதையின் சுவையான பகுதியை நீ தொடவே இல்லை. ஹெண்ட்ரிக்ஸ் அந்தக் காலத்தில் நியூ ஜெர்சியில் இஸ்லி குடும்பத்து வீட்டிலேயே தங்கியிருந்தார். கடைசித் தம்பிகளில் ஒருவன் எர்னிக்கு அப்போது 12 வயது. 1964 பிப்ரவரியில், ‘டெஸ்டிஃபை’ வருவதற்கு முன்பே, பீட்டில்ஸ் எட் சல்லிவன் டிவி நிகழ்ச்சியில் வந்துவிட்டார்கள். அமெரிக்க வீடுகளில் எல்லாப் பையன்களும் கிட்டார் கேட்ட வருஷம் அது. எர்னிக்கோ வீட்டுக்குள்ளேயே ஹெண்ட்ரிக்ஸ் வாசித்துக்கொண்டிருந்தார். 1969-ல், இஸ்லிகளின் சொந்தக் கம்பெனியான டி-நெக் வெளியிட்ட ‘இட்ஸ் யுவர் திங்’ பாட்டில் பேஸ் வாசித்தது அந்தப் பள்ளிக்கூடப் பையன் எர்னிதான். ஃபங்கின் பெரிய பாட்டுகளில் ஒன்று அது. 1973-ல் ‘தட் லேடி’யில் அவனே லீட் கிட்டாரை எடுத்தபோது, அண்ணன்களோடு வாசித்த அந்த விருந்தாளியின் கை அதில் கேட்கிறது. ஃபங்கும் ராக்கும் சேர்ந்த இடத்தை நீ மேடையில் தேடுகிறாய். அது அந்த வீட்டில் நடந்தது.

பித்தளை வாத்தியங்கள் மூச்சு வாங்கும் இடத்தில் கிட்டார் எப்படி நுழைகிறது என்று நீ எழுதிய பத்தி இருக்கிறதே, அப்படி ஒரு பத்தியை நான் இதுவரை எழுதியதில்லை. எங்கள் தலைமுறையில் வேறு யாரும் எழுதியதாகவும் தெரியவில்லை. அந்தக் காது உனக்கு இருப்பதால்தான் இவ்வளவு சண்டை போடுகிறேன்.

கட்டுரையைப் புத்தகத்தில் சேர்க்கும் முன் பழைய சிங்கிளையும் 1971 தட்டையும் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டு, எர்னியையும் பேஸையும் சேர்த்துத் திருத்தி எழுது. எழுதியதும் எனக்கு அனுப்பு.