பெஞ்சு வரிசையில் ஒரு ஊர்

அன்புள்ள தங்கைக்கு,

இங்கிலாந்தில் ஷ்ராப்ஷயரின் மிடில் என்ற திருச்சபைப் பங்கைப் பற்றி நீ எழுதி அனுப்பிய முதல் அத்தியாயத்தைப் படித்தேன். உழைப்பு தெரிகிறது. ஆனால் பாதிக்கு மேல் ஊர்ப்பெயர் ஆராய்ச்சியிலேயே கரைந்துவிட்டது. 1086-இல் டூம்ஸ்டே கணக்கில் 'முல்லெட்' என்று இருக்கிறதே, அதை எழுதியவன் நார்மன் ராஜாவின் கணக்கன். காதில் விழுந்ததை லத்தீன் ஏட்டில் போட்டுவிட்டுப் போனான். அவனுக்கு வேண்டியது வரி. ஒரு பத்தியில் சொல்லிவிட்டுத் தாண்டு.

எந்த ஆவணத்தை எடுத்தாலும், எழுதியவன் எதைத் தேடி அந்த ஊருக்கு வந்தான் என்று முதலில் பார். எட்டாம் ஹென்றி காலத்தில் ஊர் ஊராகப் போன ஜான் லேலண்டின் கண்ணில் பட்டது பாழடைந்த கோட்டை. 1538-இல் தாமஸ் கிராம்வெல் உத்தரவுப்படி தொடங்கிய பங்குப் பதிவேடுகளில் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மட்டும்தான். பிறந்தான், கட்டினான், செத்தான். நடுவில் என்ன செய்துகொண்டிருந்தான் என்று கேட்டால் பதிவேடு வாய் திறக்காது.

அந்த நடுவைச் சொன்னவர் ரிச்சர்ட் கஃப். அதே பங்கில் நியூட்டன் என்ற சிற்றூரில் பயிர் வைத்திருந்தவர். 1700-இல் பங்கின் பழமைகளை எழுதி முடித்தார்; அதோடு நிறுத்தியிருந்தால் இன்று யாரும் அவரைத் தேட மாட்டார்கள். அடுத்து, அறுபத்தைந்தைத் தாண்டிய வயதில், பங்குக் கோயிலின் பெஞ்சுகளைப் படமாக வரைந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெஞ்சாக எழுத ஆரம்பித்தார். அந்தக் கோயிலில் இடம் ஆளுக்கு அல்ல, பண்ணைக்கும் வீட்டுக்கும் உரியது. முன்னால் பெரிய மனிதர்கள், அடுத்து சொந்த நிலத்துக்காரர்கள், ஓரத்தில் குடிசைக்காரர்கள். பெஞ்சைத் தொட்டால் வீடு வரும், வீட்டோடு தலைமுறைகள் வரும்.

அவர் எழுதுவது பெரும்பாலும் வம்புதான், மறுக்க மாட்டேன். ரீஸ் வென்லாக் என்று ஒருவன் அடுத்தவர் வேலியிலிருந்து விறகு திருடி அடுப்பு எரிப்பான். யாரோ ஒரு காய்ந்த கட்டையைத் துளைத்து, உள்ளே வெடிமருந்தைத் திணித்து, முளையடித்து வேலியில் வைத்துவிட்டார்கள். கட்டை அடுப்புக்குள் போனது. அடுப்பின் மேற்பக்கம் பறந்தது. எந்தப் பதிவேட்டில் இது கிடைக்கும்?

1642-இல் உள்நாட்டுப் போருக்கு மிடில் குன்றில் ராஜாவுக்காக ஆள் சேர்த்தபோது கஃப் சிறு பையன், வேடிக்கை பார்க்கப் போனவன். தரையில் நட்டு வைத்த ஈட்டிகள் அறுபது வருஷம் கழித்தும் அவர் எழுத்தில் நிற்கின்றன. மிடில், மார்ட்டன், நியூட்டன் என்ற மூன்று சிற்றூர்களிலிருந்து இருபது பேர் போனார்கள், பதின்மூன்று பேர் செத்தார்கள் என்கிறார். சிலரைப் பற்றிப் பிறகு தகவலே இல்லாததால் அவர்களையும் செத்தவர் கணக்கில் சேர்த்துக்கொள்கிறார். அந்தப் போரைப் பற்றிய தடித்த புத்தகங்களைவிட இந்தக் கணக்கு என்னை அதிகம் உலுக்கியது.

அதற்காக அவர் சொன்னதையெல்லாம் அப்படியே எடுத்துக்கொள்ளாதே. அவருக்குப் பிடிக்காதவர்கள் எல்லாரும் குடிகாரர்கள். டேவிட் ஹே 1974-இல் வெளியிட்ட மிடில் ஆய்வில் பதிவேடுகளையும் உயில்களையும் கஃபோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார். கிழவரின் ஞாபகம் பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. நீயும் அந்த வேலையை ஒரு குடும்பத்துக்காவது செய்து பார்.

இன்னொன்று. பெஞ்சு வரிசையில் எழுதினால் பெஞ்சு இல்லாதவர்கள் கதை ஓரத்துக்குப் போய்விடும். வேலையாட்களும் வழிப்போக்கர்களும் அவர் புத்தகத்தில் வேறு யாரோ ஒருவருடைய கதைக்குள் தலைகாட்டிவிட்டு மறைகிறார்கள். உன் இரண்டாம் அத்தியாயத்தை அவர்களிடமிருந்து தொடங்கு. ஏழை நிவாரணக் கணக்குகள் கிடைத்தால் முதலில் அவற்றை எடு, கோட்டை காத்திருக்கட்டும்.

அன்புடன்,
அண்ணன்